மனிதநேயமும் மானுட மதிப்பும்: மும்பைத் தமிழர் வரலாற்றில் ஒரு கருத்தின் பெயர்ப்பு

0. முன்னுரை

மனிதனை அளவுகோலாகக் கொண்டு கலை, கல்வி, சமுதாயம் ஆகிய மூன்றையும் மதிப்பிடும் கருத்துநிலை மேலைநாட்டு வரலாற்றில் ஹியூமனிசம் எனப்படும். தமிழில் அது மனிதநேயம், மனிதாபிமானம், மாந்தநேயம், மானுடம் எனப் பல பெயர்களால் வழங்குகின்றது. ஒரு கருத்துக்குப் பல பெயர்கள் அமைவது மொழியின் வளத்தைக் காட்டுவது மட்டுமன்று. அக்கருத்தை ஏற்றுக்கொண்ட மக்கள் அதன் எந்தக் கூற்றைத் தமக்குரியதாகக் கருதினர் என்பதையும் அது காட்டும்.

மும்பை நகரில் (1995 வரை ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் பம்பாய்) தமிழர் செறிந்து வாழும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, இக்கருத்து தமிழுக்குள் எவ்வாறு பெயர்ந்தது, பெயர்ந்தபின் கலை, கல்வி, சமுதாயம் ஆகியவற்றில் என்ன விளைவை உண்டாக்கிற்று என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றில் மொழிபெயர்ப்புக்கு உள்ள இடமும், நேயம் என்னும் சொல்லுக்கும் மதிப்பு என்னும் சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாடும் இங்கு முதன்மை பெறுகின்றன.

1. கருத்தும் சொல்லும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் இலக்கணம், அணி, செய்யுள், வரலாறு, ஒழுக்கவியல் ஆகியவற்றைக் கற்பித்த ஆசிரியரே இத்தாலியில் ஹியூமனிஸ்டா எனப்பட்டார். எனவே இச்சொல் முதலில் இரக்கத்தையோ அன்பையோ குறிக்கவில்லை; ஒருவகைக் கல்வியைக் குறித்தது. பழைய நூலை அதன் மூலமொழியில் படித்தல், படிகளை ஒப்பிடுதல், சொல்லின் காலத்தை ஆராய்தல் ஆகியன அக்கல்வியின் கருவிகளாகும். 1440இல் லொரென்சோ வல்லா, திருச்சபைக்குக் கான்ஸ்டன்டைன் மன்னர் வழங்கியதாகக் கூறப்பட்ட கொடைப் பட்டயம் போலியானது என்பதை அதன் இலத்தீன் சொல்வழக்கைக் கொண்டே நிறுவினார். 1516இல் எராஸ்மஸ் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தைப் பதிப்பித்தார். நூலை ஆராயும் உரிமை, நூலின் பெயரால் செலுத்தப்படும் அதிகாரத்தை ஆராயும் உரிமையாக வளர்ந்ததை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. ஹியூமனிசம் என்னும் முறையான கலைச்சொல் 1808இல் செருமானியக் கல்வியாளர் நீத்தாமரால் ஆக்கப்பட்டது. அவரும் அதனைக் கல்விமுறையைக் குறிக்கவே ஆண்டார்.

தமிழில் வழங்கும் மனிதநேயம் என்னும் தொடரின் பின்னுறுப்பாகிய நேயம், 'ஸ்நேக' என்னும் வடசொல்லின் வழிவந்தது. மனிதாபிமானத்தின் பின்னுறுப்பாகிய அபிமானம் பற்றினைக் குறிப்பது. இரண்டும் ஒருவர் மற்றொருவர்பால் கொள்ளும் உணர்ச்சியையே சுட்டுகின்றன. ஆராயும் அறிவும் மனிதன் என்னும் தகுதியும் இச்சொற்களில் பின்னுக்குச் சென்றுவிட்டன. நேயம் கொள்பவர் ஒருவர், நேயத்தைப் பெறுபவர் மற்றொருவர் என்னும் ஏற்றத்தாழ்வு இத்தொடரமைப்பிலேயே உள்ளுறைந்து கிடக்கின்றது. மும்பைத் தமிழர் வரலாறு இக்குறையை வெளிப்படுத்தும் சான்றாக அமைகின்றது.

2. மாட்டுங்கா: கல்வியும் கலையும்

1896இல் பம்பாயில் பரவிய கொள்ளைநோய்க்குப் பின்னர், 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் தாதர்-மாட்டுங்காத் திட்டத்தின்வழி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகன்ற தெருக்களும் மரநிழலும் கொண்ட புதிய குடியிருப்புகள் உருவாயின. தஞ்சை, பாலக்காடு முதலிய பகுதிகளிலிருந்து அலுவலகப் பணிக்கு வந்த ஆங்கிலக் கல்வி பெற்ற தென்னிந்தியர் பலர் இங்குக் குடியேறினர். 1923இல் ஆஸ்திக சமாஜமும் 1927இல் தென்னிந்திய பஜனை சமாஜமும் தோன்றின. 1932இல் எம்.வி. வெங்கடேசுவரன் தென்னிந்தியக் கல்விக் கழகத்தை நிறுவினார். மாட்டுங்காவில் ஒரு பள்ளியாகத் தொடங்கிய அக்கழகம் 1960இல் சயானில் கல்லூரியையும் அமைத்தது. 1952இல் தோன்றிய ஷண்முகானந்த நுண்கலை சங்கீத சபை 1963இல் பேரரங்கம் ஒன்றை எழுப்பிற்று. 1990இல் தீக்கிரையான அவ்வரங்கம் மீண்டும் கட்டப்பெற்று 1998இல் திறக்கப்பட்டது.

பிறந்த மண்ணை விட்டு நீங்கிய மக்கள் பள்ளியையும் சபையையும் தம் கைப்பொருளால் எழுப்பியமை சிறிய செயலன்று. கல்வியும் கலையும் மனிதனை மேம்படுத்தும் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை. அவ்வகையில் ஹியூமனிசத்தின் தொடக்கப் பொருளுக்கு மாட்டுங்கா அணுக்கமானது. எனினும் தமிழர் குடியேற்றத்தின் மற்றொரு பகுதியாகிய தாராவி அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த முசுலிம்களும் ஆதிதிராவிடர்களும் பிறரும் அங்கு வாழ்ந்தனர். ஒரே மொழி பேசிய இவ்விரு குடியிருப்புகளுக்கும் இடையே இருந்த தொலைவைச் சாதியே அளந்தது. கல்வி மனிதனை உயர்த்தும் என்பது ஒரு கூற்று. எவர் மனிதராகக் கொள்ளப்படுவர் என்பது அதற்கு முந்திய வினா. மாட்டுங்கா முதற்கூற்றை நிறைவேற்றியது. இரண்டாம் வினாவை எழுப்பியது தாராவி.

மாட்டுங்கா என்னும் பெயரே இருவேறு உலகங்களைக் குறித்து நின்றது என்பதும் கருதத்தக்கது. தாராவியை ஒட்டியமைந்த மாட்டுங்கா தொழிலாளர் முகாமில் மராத்தி எழுத்தாளரும் பாடகருமான அண்ணாபாவ் சாட்டே வாழ்ந்தார். 1944இல் அவர் அமர் சேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். 1958இல் பம்பாயில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்தவரும் அவரே. சபைக் கச்சேரியும் தெருப்பாடலும் ஒரே பெயர்கொண்ட வட்டாரத்தில் ஒன்றையொன்று அறியாது வளர்ந்தன.

3. தாராவி: ஒரு நூலின் பெயர்ப்பு

மாட்டுங்காவுக்கு அடுத்த தாதர் இந்துக் காலனியில் அம்பேத்கர் 1930களின் தொடக்கத்தில் ராஜகிருகம் என்னும் இல்லத்தைக் கட்டினார். தம் நூல்களை வைப்பதற்கென்றே பெரிதும் திட்டமிடப்பட்ட இல்லம் அது. 1936இல் இலாகூர் சாத்-பாத் தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்குமாறு அவரை அழைத்தது. ஆயின் அவர் எழுதிய உரையின் கருத்துகளை ஏற்க இயலாது பின்வாங்கியது. நிகழ்த்தப்படாத அவ்வுரையை அம்பேத்கர் அதே ஆண்டு மே திங்களில் தாமே ஆங்கிலத்தில் அச்சிட்டார். 1500 படிகள் கொண்ட முதற்பதிப்பு இரண்டு திங்களுக்குள் தீர்ந்தது.

1937இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் மொழிபெயர்ப்பாளர் கருத்தூன்றத்தக்க செய்தி ஒன்று உள்ளது. நூல் குசராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டதாகவும், மராத்தி, இந்தி, பஞ்சாபி, மலையாளம் ஆகியவற்றில் மொழிபெயர்ப்புப் பணி நடைபெறுவதாகவும் அம்பேத்கர் அதில் குறிப்பிடுகின்றார். மராத்தி மண்ணில் எழுதப்பட்ட நூல் மராத்தியை அடையும் முன்னரே தமிழை அடைந்துவிட்டது. 1925இல் தொடங்கப்பெற்ற பெரியாரின் 'குடி அரசு' இதழ்வழி வெளிவந்த அத்தமிழாக்கம் 'ஜாதியை ஒழிக்க வழி' என்னும் பெயர் பெற்றது.

இப்பெயர்ப்பின் தலைப்பே ஆய்வுக்குரியது. மூலத்தின் தலைப்பு இரு பெயர்ச்சொற்களால் ஆனது; சாதியின் அழிப்பு என்பது அதன் நேர்ப்பொருள். தமிழாக்கமோ பெயரை வினையெச்சமாக்கி, 'வழி' என்னும் சொல்லை மூலத்திற்குப் புறம்பே சேர்த்தது. ஒரு கருத்தைப் பற்றிய உரை, செய்ய வேண்டிய செயலுக்கான கையேடாக மாறிற்று. சொல்லுக்குச் சொல் என்னும் அளவையால் நோக்கின் இது பிறழ்வு எனப்படலாம். ஆனால் படிப்போரைக் கேட்போராக அன்றிச் செய்வோராகக் கொண்ட மொழிபெயர்ப்பாளரின் தெளிந்த முடிவு இது எனல் பொருந்தும். நூலுள் அம்பேத்கர் மேற்கொள்ளும் முறையும் வல்லாவின் முறைக்கு நெருக்கமானது. சாதியைக் காக்கும் நூல்களின் அதிகாரத்தை ஆராயாமல் சாதியை மட்டும் கண்டிப்பதில் பயனில்லை என்பது அவர் துணிபு. நூலாய்வு சமுதாய ஆய்வாக மாறும் ஹியூமனிச நெறியை அவ்வகையில் அந்நூல் புதுப்பித்தது.

1940 சனவரியில் பெரியார் பம்பாய்க்கு வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்தார். அண்ணாதுரை உடன் வந்தார். தாராவித் தமிழரிடையேயும் பெரியார் உரையாற்றினார். தமிழகத்தில் பிறந்து தமிழகத்தின் சாதிக் கொடுமையால் பெயர்ந்தவர்கள், பம்பாயில் எழுதப்பட்டு ஈரோட்டில் தமிழான கருத்தை மீண்டும் பம்பாயில் தம் மொழியில் கேட்டனர்.

இப்போக்குவரத்து ஒருவழிப்பட்டதன்று. சென்னையில் ஆசிரியராக இருந்த பொ. இலட்சுமி நரசு 1907இல் பௌத்தத்தின் சாரத்தை விளக்கி ஆங்கிலத்தில் எழுதிய நூலின் மூன்றாம் பதிப்பு 1948இல் அம்பேத்கரின் முன்னுரையுடன் பம்பாயில் வெளிவந்தது. பகுத்தறிவுநோக்கில் பௌத்தத்தை விளக்கிய தமிழகச் சிந்தனை, 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் நிகழ்ந்த சமயமாற்றத்துக்கு முன்னரே அம்பேத்கரின் கருத்துலகில் இடம்பெற்றிருந்தது.

4. மரியாதையும் மாணுஸ்கியும்

இவ்வியக்கங்களின் மையச் சொற்களை ஒப்புநோக்கின் மற்றோர் உண்மை புலப்படும். தமிழ் இயக்கம் கொண்ட சொல் சுயமரியாதை. மர்யாதா என்னும் வடசொல்லின் முதற்பொருள் எல்லை, வரம்பு என்பதாகும். மராத்தியில் அப்பொருள் இன்றும் முதன்மையாக வழங்குகின்றது. தமிழிலோ அது பிறர் செலுத்தும் மதிப்பைக் குறிப்பதாயிற்று. கோவிலிலும் ஊர்ப்பொதுவிலும் முதல் மரியாதை எவர்க்கு என்னும் வழக்குகள், மரியாதை படிநிலைப்படுத்தப்பட்ட ஒன்றாகவே இருந்ததைக் காட்டும். அச்சொல்லின்முன் 'சுய' என்னும் அடையைச் சேர்த்ததும் அதன் பொருளமைப்பு தலைகீழாயிற்று. பிறர் அளந்து தரும் பொருளாக இருந்தது, ஒருவர் தம்மிடத்தே கொண்டிருக்கும் தகுதியாக மாறிற்று.

மராத்தி இயக்கம் கொண்ட சொல் மாணுஸ்கி. மாணூஸ் (மனிதன்) என்பதனோடு பண்புப்பெயர் விகுதி சேர்ந்து அமைந்தது அது. பொதுவழக்கில் அது இரக்கமுள்ள நடத்தையைக் குறிக்கும். அம்பேத்கர் இயக்கத்திலோ மனிதன் எனக் கொள்ளப்படும் நிலையைக் குறித்தது. 1927இல் மகாடு நகரில் சவதார் குளத்து நீரை எடுக்கும் போராட்டம் நிகழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அங்குப் பேசிய அம்பேத்கர், தாகம் தணிப்பதற்காக அன்று, தாமும் மனிதரே என நிறுவுவதற்காகவே குளத்துக்குச் செல்வதாக விளக்கினார். அக்கூட்டத்தை 1789ஆம் ஆண்டுப் பிரஞ்சு தேசிய அவையுடன் ஒப்பிட்டார். இங்கு மாணுஸ்கி என்பதை மனிதநேயம் எனப் பெயர்த்தால் போராட்டம் வேண்டுகோளாகச் சுருங்கிவிடும். சுயமரியாதை, தன்மானம், மானுட மதிப்பு என்பனவே அவ்விடத்துக்கு ஏற்றவை.

சகோதரத்துவம் என்னும் சொல்லிலும் இத்தகைய சிக்கல் உண்டு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றையும் தாம் பிரஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை, புத்தரின் போதனையிலிருந்தே பெற்றதாக 1954இல் வானொலி உரையில் அம்பேத்கர் கூறினார். மூன்றாவதற்கு மைத்ரி என்னும் பௌத்தச் சொல்லையும் அவர் நாடினார். உடன்பிறந்தார் என்னும் உறவுக்கு வெளியே நிற்பவரையும் உட்கொள்ளும் சொல் அது. மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும்.

1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கத்தின் வழியே 'தலித்' என்னும் சொல் பெயர்க்கப்படாமலே தமிழுக்கு வந்தது. 1982இல் மதுரையில் மலைச்சாமி அவ்வியக்கத்தின் கிளையைத் தொடங்கினார். 'ஒடுக்கப்பட்டோர்' எனத் தமிழாக்கம் இருந்தும் மராத்திச் சொல்லே நிலைத்தது. செயப்பாட்டுவினையால் ஆகிய தமிழ்த்தொடர் துன்பத்தை மட்டும் சுட்ட, கடன்சொல் ஓர் இயக்கத்தின் வரலாற்றையும் உடன்கொணர்ந்ததே இதற்குக் காரணம் எனலாம்.

5. செம்பூர்: எண்ணிக்கையும் பிழைப்பும்

மாட்டுங்காவில் இடம் குறைந்தபோது தமிழ் நடுத்தரக் குடும்பங்கள் கிழக்கே செம்பூருக்குப் பெயர்ந்தன. அங்குள்ள சேடா நகரில் எழுந்த முருகன் கோவில் திருச்செம்பூர் என வழங்குகின்றது. மராத்தி நிலத்தின் ஊர்ப்பெயர் ஓர் அடைமொழியால் திருச்செந்தூரின் ஒலியைப் பெற்றுத் தமிழ்த் தலப்பெயராயிற்று. இடப்பெயர் ஆய்வாளர்க்கு இனிய சான்று இது.

ஆயின் செம்பூரை அடுத்த துரோம்பேயில் வேறொரு வரலாறும் உண்டு. தமிழர் பலர் வாழ்ந்த சனதா காலனி, அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்கென நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே திங்களில் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் சீத்தா முகாமுக்கு மாற்றப்பட்டனர். வெளியேற்றத்தை எதிர்த்து மக்களைத் திரட்டியவர் கோலார் தங்கவயலில் பிறந்து தச்சுவேலைக்கு வந்த தமிழராகிய சோக்கின் அற்புதம் ஆவார். குப்பை அள்ளப்படாத நிலையில், குழந்தைகளைத் திரட்டி அக்குப்பையை மாநகராட்சி அலுவலகத்தின்முன் கொண்டு சேர்த்ததே தம் பொதுவாழ்வின் தொடக்கம் என அவர் கூறுவதுண்டு. தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை நிறுவிய அவர்க்கு 2000இல் மகசேசே விருது வழங்கப்பெற்றது, 2018இல் மறைந்தார். மக்கள் தம்மைத் தாமே கணக்கெடுத்துக்கொள்ளுதல் இவ்வியக்கத்தின் தலையாய கருவியாயிற்று. நடைபாதை வாழ்வோரைப் பற்றி 1985இல் வெளிவந்த கணக்கெடுப்பு, 'நாங்கள், கண்ணுக்குப் புலப்படாதவர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பைப் பெற்றது. எண்ணப்படாதவர் மனிதராகக் கொள்ளப்படார் என்னும் உண்மையை அத்தலைப்பு உணர்த்திற்று.

அதே ஆண்டு சூலையில் பம்பாய் நடைபாதை வாழ்வோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுள் ஒருவர் 1961இல் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற தொழிலாளி. வாழும் உரிமையுள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என அத்தீர்ப்பு கூறிற்று; எனினும் உரிய முறைப்படி அப்புறப்படுத்துவதைத் தடுக்கவில்லை. சட்டத் தமிழ் இன்று இவ்வுரிமையை வாழ்வாதார உரிமை என்கின்றது. மக்கள் வழக்கோ பிழைப்பு என்பது. பிழைத்தல் என்னும் வினைக்கு உயிர்தப்பி வாழ்தல் என்றும் தவறு செய்தல் என்றும் இருபொருள் உண்டு. நடைபாதையில் வாழ்ந்தவரைச் சட்டம் ஆக்கிரமிப்பாளர் எனக் கண்டது. அவர் தம்மைப் 'பிழைக்க வந்தவர்' என்றார். ஒருவரது பிழைப்பே பிழையாகக் கருதப்பட்டதை இச்சொல்லைவிடச் சுருக்கமாகக் கூறல் அரிது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மும்பைத் தமிழரிடையே ஹியூமனிசம் மாட்டுங்காவில் கல்வியும் கலையுமாகவும், தாராவியில் சுயமரியாதையாகவும், செம்பூர்ப் புறத்தே எண்ணிக்கையும் இருப்புரிமையுமாகவும் உருக்கொண்டது. இரண்டாவது, இவ்வளர்ச்சிக்கு மொழிபெயர்ப்பே வாயிலாக அமைந்தது. மூன்றாவது, இரக்கத்தைச் சுட்டும் சொற்கள் இவ்வரலாற்றின் பாதியையே கூறுகின்றன.

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. 2018இல் பா. இரஞ்சித் இயக்கிய 'காலா' திரைப்படம் தாராவியில் வாழும் திருநெல்வேலித் தமிழரை நிலவுரிமை பேசுவோராகக் காட்டியது. தாராவியின் இளம் இசைக்குழுவினரும் அதில் பங்குபெற்றனர். 2024இல் தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கான வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கிற்று. எவர் தகுதியுடையவர், எவர் தகுதியற்றவர் என்னும் இரு சொற்களில் குடும்பங்களின் எதிர்காலம் அடங்கியுள்ளது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகின்றது. தமிழ் அவற்றுள் ஒன்று. குடியிருப்புகள் பெயர்ந்தால் அவ்வகுப்புகளும் பெயரும்.

இத்தகைய சூழலில் ஆவணங்களையும் தீர்ப்புகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்குவோர் தெரிந்தெடுக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு நிலைப்பாடாகின்றது. பெறுபவராக மட்டும் மனிதரைக் காட்டும் சொல் ஒன்று. உரியவராகக் காட்டும் சொல் மற்றொன்று. 1936இல் ஒரு தலைப்பில் 'வழி' என்னும் சொல்லைச் சேர்த்த பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர் இரண்டாவதையே தெரிந்தெடுத்தார்.